மூளை உறையில் பரவிய புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு: எது எதற்கு உதவும், எங்கே கைவிடும்

"ரேடியேஷன் கொடுக்கலாம்" என்ற ஒரே வார்த்தைக்குள் இந்த நோயில் நான்கு வேறு சிகிச்சைகள் இருக்கின்றன. தலை முழுவதற்கும் கொடுப்பது ஒன்று. முதுகில் நரம்பு பாதிக்கப்பட்ட பகுதிக்கு மட்டும் கொடுப்பது இன்னொன்று. உச்சந்தலையிலிருந்து இடுப்புக்குக் கீழே திருவெலும்பு வரை மொத்தப் பாதைக்கும் கொடுப்பது மூன்றாவது. அதையே புரோட்டான் கதிரால் கொடுப்பது நான்காவது. எதைத் தருகிறார்கள் என்று கேட்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டு, இரண்டு மாதம் கழித்து "கரண்ட் வைத்தும் பலன் இல்லையே" என்று மனம் உடைந்துபோகும் குடும்பங்கள் உண்டு. பல நேரம் சிகிச்சை தனக்குக் கொடுத்த வேலையைச் செய்துதான் இருக்கும். அந்த வேலை என்ன என்று வீட்டாருக்கு யாரும் விளக்கியிருக்க மாட்டார்கள். அதனால் நான்கையும் தனித்தனியாகவே இங்கே மதிப்பிடுகிறோம்.

நீர் ஓடும் இடத்தில் நோய்

மூளையையும் தண்டுவடத்தையும் மூன்று உறைகள் போர்த்தியிருக்கின்றன. வெளியே இருப்பது தடித்த டியூரா. அதற்கு உள்ளே சிலந்தி வலை போன்ற அரக்னாய்டு. மூளையோடு ஒட்டிக் கிடப்பது பயா. உள்ளே இருக்கும் இந்த இரண்டு உறைகளுக்கும் நடுவில் மூளைத் தண்டுவட நீர் ஓடுகிறது. பெரியவர்களுக்கு அது சுமார் 150 மில்லி இருக்கும். ஆனால் உடல் ஒரு நாளைக்கு 500 மில்லி அளவுக்குப் புதிதாகச் சுரக்கிறது. அதாவது மொத்த நீரும் தினமும் மூன்று நான்கு முறை மாறிவிடுகிறது.

புற்றுச் செல்கள் இந்த நீருக்குள் புகுந்துவிட்டால் நீர் போகும் இடமெல்லாம் போகும். மூளையின் அடிப்பகுதியில் நீர் தேங்கும் குழிகளிலும், தண்டுவடம் முடிந்தபின் நரம்புகள் குதிரை வால்போலத் தொங்கும் கீழ் முதுகிலும் படிந்து ஒட்டிக்கொள்ளும். இரட்டைப் பார்வை, வாய் கோணுதல், காது மந்தம், கால் மரத்தல், சிறுநீர் அடைப்பு என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதது போன்ற தொந்தரவுகள் ஒரே ஆளுக்கு வருவது இதனால்தான்.

ரிப்போர்ட்டைக் கையில் வைத்திருப்பவர்கள் ஒரு சொல்லைக் கவனிக்க வேண்டும். "லெப்டோமெனிஞ்சியல்" என்றிருந்தால் மேலே சொன்ன உள் உறை. "பேக்கிமெனிஞ்சியல்" அல்லது "டியூரல்" என்றிருந்தால் வெளி உறை. தமிழில் இரண்டையும் மூளை உறை என்றே சொல்லிவிடுகிறோம். ஆனால் வெளி உறையோடு நிற்கும் நோய் நீரில் மிதப்பதில்லை. அந்த இடத்துக்கு மட்டும் கொடுக்கும் கதிர்வீச்சே அதற்கு நன்றாக வேலை செய்யலாம். உள் உறை நோயில் ஒரு பகுதிக்குக் கதிர் கொடுத்தால் அங்கே ஒட்டியிருக்கும் செல்கள் அழியும். கதிர் படாத இடத்திலிருந்து வரும் நீர், சுத்தமான அதே இடத்தில் மறுபடி விதை போடும். கீழே சொல்லப்போகும் நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் வேர் இதுதான்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

தலைக்கு மட்டும் எம்ஆர்ஐ எடுத்துவிட்டுத் திட்டம் போடுவது அரைகுறை வேலை. தலையும் முழு முதுகும் சேர்த்து, ரத்தக் குழாயில் படத்துக்கான மருந்து ஏற்றி எடுக்க வேண்டும். முதுகில் ஊசி போட்டு நீர் எடுப்பதற்கு முன்னால் இதை முடித்துவிடுவது நல்லது. நீர் எடுத்தபின் அழுத்தம் குறைவதால் உறைகள் எம்ஆர்ஐயில் தாமாகவே பளிச்சென்று தெரியக்கூடும். அதை நோய் என்று தவறாகப் படித்துவிட வாய்ப்பு உண்டு. உள்ளே நீர் அடைபட்டு மூளை வீங்கியிருக்கிறதா என்று பார்க்காமல் ஊசி போடுவது ஆபத்து என்பது அதைவிட முக்கியமான காரணம்.

நீர் பரிசோதனைக்குக் குறைந்தது 10 மில்லி வேண்டும். இரண்டு மூன்று மில்லி அனுப்பிவிட்டு "செல் இல்லை" என்று வரும் முடிவை நம்ப முடியாது. நோய் இருந்தும் முதல் முறை செல் அகப்படாமல் போவது ஏறக்குறைய பாதிப் பேருக்கு நடக்கிறது. இரண்டாவது முறை எடுத்தால் கண்டுபிடிக்கும் வாய்ப்பு நன்றாகக் கூடும். எடுத்த நீர் மணிக்கணக்கில் மேசையில் கிடந்தால் செல்கள் சிதைந்துவிடும். உடனே லேபுக்குப் போக வேண்டும்.

முன்பு எப்போதாவது கதிர்வீச்சு வாங்கியிருந்தால் டிஸ்சார்ஜ் சம்மரி போதாது. எத்தனை கிரே (கதிரின் அளவு), எத்தனை சிட்டிங் (தடவை), எந்த முள்ளெலும்பிலிருந்து எந்த முள்ளெலும்பு வரை என்ற விவரமும், முடிந்தால் பழைய திட்டத்தின் கம்ப்யூட்டர் கோப்பும் தேவை. தண்டுவடம் தன் வாழ்நாளில் தாங்கும் அளவுக்கு ஓர் எல்லை உண்டு. பழைய கணக்கு தெரியாவிட்டால் டாக்டர் பயந்து குறைவாகக் கொடுப்பார், அல்லது தெரியாமல் எல்லை தாண்டிவிடுவார். கோப்பு கிடைக்காததால் ஒரு வாரம் வீணாவது சாதாரணமாக நடக்கிறது. இந்த நோயில் ஒரு வாரம் என்பது பெரிய காலம். சிகிச்சையே இல்லாவிட்டால் சராசரியாக 4 முதல் 6 வாரம்தான் என்பது பழைய அனுபவக் கணக்கு.

மூளைக்குள் நீர் தேங்கி அழுத்தம் கூடியிருந்தால் கதிர்வீச்சு முதல் வேலையல்ல. எழுந்தால் தேவலை, படுத்தால் மண்டை வெடிக்கிறது, விடியற்காலையில் குமட்டல் இல்லாமலே பீறிட்டு வாந்தி வருகிறது என்றால் முதலில் நரம்பு அறுவை டாக்டர் பார்க்க வேண்டும். ஷன்ட் என்ற குழாய் வைத்து நீரை வயிற்றுக்கு வடியவிட்டால் ஒரு நாளிலேயே ஆள் தெளிவாவது உண்டு. அழுத்தத்தோடு தட்டையாகப் படுக்கவைத்து, தலை அசையாமல் பிடிக்கும் மாஸ்க்கில் முகத்தைப் பூட்டி, அந்த நிலையில் வாந்தி வந்தால் மூச்சுக்குழாயில் போய்விடும்.

தலை முழுவதற்கும்

எங்கும் கிடைப்பது, சீக்கிரம் தொடங்கக்கூடியது. அவசரம் என்றால் ஸ்கேன் எடுத்த அன்றே முதல் சிட்டிங் கொடுத்துவிடலாம். வழக்கமான அளவு 30 கிரே, 10 சிட்டிங், இரண்டு வாரம். பலவீனமானவர்களுக்கு 20 கிரே, 5 சிட்டிங். இரண்டு பக்கக் காதுகளின் வழியே எதிரெதிராக இரண்டு கதிர்கள் வரும். கதிர் பாயும் நேரம் ஓரிரு நிமிடம்தான்.

தலைவலி, குமட்டல், மூளையின் அடியிலிருந்து கிளம்பும் நரம்புகளின் பாதிப்பு ஆகியவற்றை இது தணிக்கும். மூளைக்குள் கட்டிகளும் சேர்ந்திருந்தால் அவற்றையும் கவனித்துக்கொள்ளும். ஆனால் உறை நோயில் இது ஆயுளைக் கூட்டுகிறது என்று நிரூபித்த, சீட்டுக் குலுக்கல் முறையில் நடந்த ஆய்வு எதுவும் இல்லை. கழுத்துக்குக் கீழே ஓடும் நீரை இது தொடுவதே இல்லை.

இதில் நடக்கும் தொழில்நுட்பத் தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கண்களைக் காப்பாற்ற வேண்டும் என்று முகத்துப் பக்கம் தடுப்பை இறுக்கிப் போடும்போது, இரண்டு கண்களுக்கும் நடுவே மூக்கின் கூரையாக இருக்கும் சல்லடைத் தட்டு நிழலில் போய்விடும். அங்கேயும் இந்த நீர் உண்டு. மூளைக்குள் இருக்கும் கட்டிகளுக்காகப் போடும் திட்டத்தில் இது அவ்வளவு பாதிக்காது. உறை நோய்க்கு அதே அச்சை எடுத்துப் போட்டால் ஓட்டை விழுந்த குடைதான். கீழ் எல்லையும் அப்படியே: மண்டையோடு நிறுத்தாமல் கழுத்தின் இரண்டாவது எலும்பு வரை இறங்க வேண்டும். ஞாபகசக்திக்காக ஹிப்போகாம்பஸ் பகுதியைத் தவிர்த்துக் கதிர் கொடுக்கும் முறையை இங்கே கேட்காதீர்கள். அந்தப் பகுதி நீர் நிறைந்த அறையை ஒட்டியே இருக்கிறது; அதைத் தவிர்த்தால் நோயையும் தவிர்த்ததாகிவிடும். அதற்குப் பதிலாக மெமன்டின் மாத்திரை தரச் சொல்லிக் கேட்கலாம். ஒரு நாள் அளவை வாரத்துக்கு 5 மில்லிகிராம் கூட்டி 20 வரை கொண்டுபோய், மொத்தம் 24 வாரம் கொடுப்பது வழக்கம்.

முதுகில் ஒரு பகுதிக்கு

இடுப்பு வலி கால் வரை இறங்குவது, உட்காரும் இடம் மரத்துப்போவது, சிறுநீர் வராமல் வயிறு உப்புவது. இந்த மூன்றும் வந்தால் வெளிநோயாளி சீட்டு வாங்கி வரிசையில் நிற்கக் கூடாது. அன்றே ஸ்டீராய்டு, அன்றோ மறுநாளோ கதிர். வலியைக் குறைப்பதில் இது நம்பகமான சிகிச்சை. ஓரிரு வாரத்தில் தெரியும். முதல் இரண்டு மூன்று நாளில் வலி கூடுவதும் உண்டு. கதிர் பட்ட இடம் வீங்குவதால் வருவது அது, டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு அடக்கிவிடும்.

செத்த நரம்பை இது எழுப்பாது. நடந்துகொண்டிருப்பவரைத் தொடர்ந்து நடக்க வைக்கும் வாய்ப்பு அதிகம். கால் முழுதாக விழுந்து பல நாள் ஆனவரை எழுப்பி நடக்க வைப்பது அரிது. எந்த மெஷின், எந்த கம்பெனி, எந்த வகைக் கதிர் என்று ஆராயும் நேரத்தில் நரம்பு போய்க்கொண்டிருக்கிறது. இந்த ஒரு சூழ்நிலையில் பக்கத்தில் இருக்கும் சாதாரண மெஷின்தான் உலகத்திலேயே சிறந்த மெஷின்.

இன்னொரு பயனும் உண்டு. ஓமாயா என்று தலைத்தோலுக்கு அடியில் சிறு குமிழ் பொருத்தி நேரடியாக நீருக்குள் கீமோ கொடுப்பவர்களுக்கு, வழியில் நோய்க்கட்டி நீரை அடைத்திருந்தால் மருந்து ஒரே இடத்தில் தேங்கி நஞ்சாகும். அந்த அடைப்புக்குக் கதிர் கொடுத்து ஓட்டத்தைத் திறந்துவிடலாம்.

ஒரே குறியில் கூர்மையாகக் கொடுக்கும் ரேடியோசர்ஜரி, தனித்து நிற்கும் முடிச்சு ஒன்றைக் கரைக்க மட்டும் பயன்படும். விளம்பரங்களில் வரும் அளவுக்கு இந்த நோயில் அதற்கு இடமில்லை.

தலை முதல் திருவெலும்பு வரை, ஃபோட்டானில்

நீர் போகும் இடமெல்லாம் நோய் என்றால், நீர் போகும் இடமெல்லாம் கதிர் என்பது நேரான தர்க்கம். உறைப் பை பெரும்பாலும் திருவெலும்பின் இரண்டாவது துண்டு வரை இறங்கும். ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் எம்ஆர்ஐயில் அளந்து அதற்குக் கீழே எல்லை வைக்க வேண்டும்.

சிக்கல் ஃபோட்டானின், அதாவது சாதாரண மெஷினில் வரும் எக்ஸ்ரே வகைக் கதிரின், இயல்பில் இருக்கிறது. முதுகில் நுழையும் கதிர் தண்டுவடத்தோடு நிற்காது. முள்ளெலும்பைத் தாண்டி, உணவுக்குழாய், இதயம், குடல் என்று முன்பக்கம் வரை துளைத்துக்கொண்டு போகும். விழுங்கினால் எரிச்சல், வாந்தி, பேதி. எல்லாவற்றையும்விடப் பெரிது ரத்தம். பெரியவர்களுக்கு ரத்தம் ஊறும் மஜ்ஜையில் பெரும் பங்கு முதுகெலும்பிலும் இடுப்பெலும்பிலும்தான். கீமோவால் ஏற்கெனவே களைத்த மஜ்ஜை இதையும் வாங்கினால் பிளேட்லெட் விழுந்து பாதியில் நிறுத்த வேண்டி வரும். பிறகு கீமோ தொடங்கவும் முடியாது. அதனால்தான் பல பத்தாண்டுகளாக இதைத் திடமான உடம்புள்ள ஒரு சிலருக்கு மட்டும் வைத்திருந்தார்கள்.

சுற்றிவந்து கதிர் பாய்ச்சும் நவீன முறைகளில் முன்பக்க உறுப்புகளுக்குப் போகும் அதிக அளவைக் குறைக்க முடிகிறது. ஆனால் குறைந்த அளவுக் கதிர் உடம்பு முழுக்கத் தூறலாக விழும். புரோட்டான் எட்டாத இடத்தில், ரத்தக் கணக்கு நன்றாக இருக்கும் ஒருவருக்கு, தேர்ந்த கைகளில் இது செய்யத்தக்கதே.

அதையே புரோட்டானில்

புரோட்டான் ஒரு குறிப்பிட்ட ஆழம் வரை போய், அங்கே தன் சக்தியைக் கொட்டிவிட்டு நின்றுவிடும். முதுகுப் பக்கத்திலிருந்து வரும் கதிர் உறைப் பையைத் தாண்டியதும் முள்ளெலும்புக்குள்ளேயே முடிகிறது. குடலுக்கும் இதயத்துக்கும் ஏறக்குறைய ஒன்றுமே போகாது. வளரும் குழந்தைகளுக்கு முள்ளெலும்பு முழுவதையும் வேண்டுமென்றே சேர்ப்பார்கள், எலும்பு கோணலாக வளரக் கூடாது என்று. பெரியவர்களுக்கு அந்தக் கவலை இல்லை. எலும்பின் முன்பகுதியை விட்டுவிட்டு மஜ்ஜையைக் காப்பாற்றலாம்.

நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மையம் செய்து 2022-இல் வெளியான ஆய்வுதான் இந்தத் துறையின் பேச்சை மாற்றியது. மார்பகப் புற்றுநோயும் சிறுசெல் அல்லாத நுரையீரல் புற்றுநோயும் உறைக்குப் பரவிய 63 பேரை எடுத்துக்கொண்டார்கள். 42 பேருக்கு முழுப் பாதைக்கும் புரோட்டான். 21 பேருக்கு வழக்கமான ஃபோட்டான், தலைக்கோ முதுகின் ஒரு பகுதிக்கோ. இரண்டு பக்கமும் 10 சிட்டிங்கில் 30 கிரே. மூளையிலும் தண்டுவடத்திலும் நோய் முன்னேறாமல் நின்ற காலத்தின் இடைநிலை அளவு புரோட்டானில் 7.5 மாதம், மற்றதில் 2.3 மாதம். உயிரோடிருந்த காலம் 9.9 மாதம், எதிரே 6.0 மாதம். இடைநிலை என்றால் பாதிப் பேர் அதைத் தாண்டினார்கள், பாதிப் பேர் தாண்டவில்லை என்று பொருள். கடுமையான பக்கவிளைவுகளில் இரு பக்கத்துக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. பலன் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வை முன்கூட்டியே நிறுத்தினார்கள்.

இந்த எண்களை மதிக்கிறோம். ஆனாலும் நிதானமாகப் படிக்கச் சொல்கிறோம். ஒரே மையத்தில், 63 பேரிடம், பெரும்பாலும் தம் வேலையைத் தாமே பார்த்துக்கொள்ளும் நிலையில் இருந்தவர்களிடம் கிடைத்த முடிவு இது. வேறு வகைப் புற்றுநோய் கொண்ட 35 பேருக்குத் தனியாகப் புரோட்டான் கொடுத்துப் பார்த்ததில் நோய் அடங்கியிருந்த காலம் 5.8 மாதம், ஆயுள் 6.6 மாதம், அவர்களுக்கு ஒப்பிட எதிர்ப்பக்கம் இல்லை. பல மையங்களில் மூன்றாம் கட்ட ஆய்வு தொடங்கியிருப்பது இதை உறுதிசெய்யத்தான். படுத்த படுக்கையாக இருப்பவருக்கும், உடம்பின் மற்ற இடங்களில் நோய் தறிகெட்டு வளர்பவருக்கும் இதே எண்களை எதிர்பார்த்துத் தொலைதூரம் அழைத்துப்போவது அவர்களுக்கு இருக்கும் நாட்களைப் பயணத்தில் கரைப்பதாகும்.

பொதுவாகப் பிளேட்லெட் ஒரு லட்சத்துக்கு மேலும், ஹீமோகுளோபின் 8-க்கு மேலும் இருப்பதை எதிர்பார்ப்பார்கள். புரோட்டானிலும் நிண அணுக்கள் (வெள்ளணுக்களில் ஒரு வகை) குறையும், களைப்பு வரும், முடி கொட்டும், குமட்டல் இருக்கும். "பக்கவிளைவே இல்லை" என்று யாராவது சொன்னால் அது விற்பனைப் பேச்சு. முதுகுத் தோல் ஃபோட்டானைவிடச் சற்று அதிகமாகவே சிவக்கலாம், ஏனென்றால் தோலைத் தப்பவிடும் தன்மை புரோட்டானுக்குக் குறைவு.

எங்கே பிசகும்? புரோட்டான் எவ்வளவு ஆழம் போகும் என்பதை சிடி படத்தின் அடர்த்தியை வைத்துக் கணக்கிடுகிறார்கள். முதுகில் டைட்டானியம் திருகும் கம்பியும் இருந்தால் படத்தில் கீற்றுகள் விழுந்து கணக்கு ஆட்டம் காணும். அறுவை சிகிச்சை நடந்த முதுகு என்றால் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட வேண்டும். இரண்டாவது, தலை முதல் இடுப்பு வரை ஒரே கதிர்ப்பரப்பில் அடங்காது. இரண்டு மூன்று பரப்புகளை இணைக்க வேண்டும். இணைப்பில் ஒன்றின் மேல் ஒன்று ஏறினால் தண்டுவடத்தில் அளவு கூடும், விலகினால் நோய்க்கு இடைவெளி கிடைக்கும். அதனால் கத்தி வெட்டியதுபோல் முடிக்காமல், ஒரு பரப்பின் அளவு சில சென்டிமீட்டர் தூரத்தில் மெல்லக் குறைய, அடுத்தது அதே தூரத்தில் மெல்லக் கூடும்படி அமைக்கிறார்கள். ஒரு மில்லிமீட்டர் இரண்டு மில்லிமீட்டர் அசைவை இது தாங்கும். பெரிய அசைவைத் தாங்காது. நோயாளி அசையாமல் படுத்திருப்பது அவ்வளவு முக்கியமாவது இங்கேதான்.

மாஸ்க்கும் மேசையும்

மாஸ்க் என்பது துளைகள் நிறைந்த பிளாஸ்டிக் தகடு. 65 முதல் 70 டிகிரி வெந்நீரில் போட்டதும் துணிபோல் துவளும். துடைத்து, சூடு பொறுக்கும் பதத்தில் முகத்தின் மேல் இழுத்துப் படியவைத்து, ஓரங்களை மேசையில் பூட்டுவார்கள். மூக்குத் தண்டு, புருவ மேடு, தாடை ஆகிய இடங்களில் விரலால் அழுத்துவார்கள். சில நிமிடத்தில் இறுகிவிடும், முகத்தில் ஈரத் துண்டு காய்வது போலிருக்கும். மூச்சு விடலாம், வாய் திறந்து பேசுவது கஷ்டம். கையில் ஓர் அழைப்புப் பொத்தானைக் கொடுப்பார்கள் அல்லது கையை உயர்த்தச் சொல்வார்கள். அது இல்லாமல் கதவைச் சாத்த விடாதீர்கள்.

பல்செட், காது மெஷின், கம்மல் ஆகியவற்றைக் கழற்றிவிட்டுத்தான் மாஸ்க் செய்ய வேண்டும். செய்த நாளில் பல்செட் இருந்து, பிறகு இல்லாமல் வந்தால் தாடை பொருந்தாது. நீண்ட தலைமுடி இருந்தால் அச்செடுக்கும் முன்பே குறைத்துவிடுவது நல்லது. எப்படியும் இரண்டு மூன்று வாரத்தில் கொட்டும், கொட்டியபின் மாஸ்க் தொளதொளக்கும். இதற்கு நேர்மாறான தொந்தரவு ஸ்டீராய்டால் வரும். கன்னம் உப்பி, ஒரு வாரம் கழித்து மாஸ்க் இறுக்கி நெற்றியில் தடம் பதிக்கும். பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. சொன்னால் வெட்டித் தளர்த்துவார்கள், அல்லது புதிதாகச் செய்வார்கள்.

தலைக்கு மட்டும் என்றால் அறைக்குள் மொத்தம் 10, 15 நிமிடம். முழுப் பாதைக்கு என்றால் படமெடுத்துச் சரிபார்த்து, ஒவ்வொரு பரப்புக்கும் மேசையை நகர்த்தி, அரை மணியிலிருந்து ஒரு மணி ஆகும். ஒரு மணி நேரம் அசையாமல் மல்லாந்து படுப்பது முதுகு வலி உள்ளவருக்குத் தண்டனை. வலி மாத்திரையை வீட்டில் போட்டுவிட்டு வந்து, காத்திருப்பிலேயே அதன் வேலை முடிந்துபோவது வழக்கமான தவறு. மேசையில் ஏறுவதற்கு அரை மணி, முக்கால் மணி முன்னால் போடும்படி அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள். வாந்தியைத் தடுக்கும் ஒன்டான்செட்ரான் 8 மில்லிகிராமும் அதே நேரத்துக்கு. சிறுநீர் கழித்துவிட்டு ஏற வேண்டும். முழங்காலுக்கு அடியில் திண்டு கேளுங்கள்; அச்செடுத்த நாளில் திண்டு இருந்தால்தான் பிறகும் தருவார்கள் என்பதால், முதல் நாளிலேயே கேட்க வேண்டும்.

மருந்துகளோடு மோதும் இடங்கள்

டெக்ஸாமெத்தசோன் நாளுக்கு 4 முதல் 16 மில்லிகிராம் வரை தேவைக்கேற்பத் தருவார்கள். காலையிலும் மதியத்திலும் கொடுத்தால் இரவில் கொஞ்சமாவது தூங்கலாம். இரவு எட்டு மணிக்குக் கொடுத்தால் விடிய விடியக் கண் கொட்டாது. சர்க்கரை இல்லாதவருக்கும் சர்க்கரை ஏறும், அளந்து பார்க்க வேண்டும். நாக்கில் வெள்ளைப் படிவு வந்தால் அது பூஞ்சை. சாப்பிடப் பிடிக்காததற்கு நோயைக் குறை சொல்லும் முன் வாயைத் திறந்து பாருங்கள். படிக்கட்டு ஏற, கழிப்பறையிலிருந்து எழுந்திருக்கத் தொடை வலுவில்லை என்றால் ஸ்டீராய்டே காரணமாக இருக்கலாம். கதிர் முடிந்த மறுநாள் சட்டென நிறுத்தக் கூடாது. படிப்படியாகக் குறைக்கும் அட்டவணையை எழுதி வாங்குங்கள்.

நீருக்குள் மெத்தோட்ரெக்சேட் ஊசியும் தலைக்குக் கதிரும் ஒரே சமயத்தில் ஓடக் கூடாது. கதிர் பட்ட மூளைக்குள் அந்த மருந்து போனால் வெண்பகுதி அழுகும் ஆபத்து கூடுகிறது. சில மாதம் கழித்து நடை தள்ளாடும், நினைவு மங்கும், பேச்சு குறையும். இரண்டும் தேவைப்படுபவருக்கு எது முதலில், எத்தனை நாள் இடைவெளி என்பதை இரு டாக்டர்களும் பேசி முடிவெடுத்தார்களா என்று கேட்பது உங்கள் உரிமை. மெலனோமா என்ற தோல் புற்றுநோய்க்குத் தரும் பிராஃப் (BRAF) தடுப்பு மாத்திரைகளை, பல சிட்டிங் கதிர்வீச்சுக்கு முன்னும் பின்னும் குறைந்தது 3 நாள் நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் தோல் கொதித்துப்போகும்.

நுரையீரல் புற்றுநோயில் இஜிஎஃப்ஆர் (EGFR) என்ற மரபணுவில் மாற்றம் இருந்து, இதுவரை ஒசிமெர்டினிப் மாத்திரை வாங்காதவராக இருந்தால் கதிர்வீச்சைச் சற்றுத் தள்ளிவைப்பதே நல்ல முடிவாக இருக்கக்கூடும். அந்த மாத்திரை நீருக்குள் போகிறது. வழக்கமான 80 மில்லிகிராமுக்குப் பதில் 160 கொடுத்து உறை நோயில் பலன் கண்ட ஆய்வும் உண்டு. நரம்பு நசுங்கும் அவசரம் இல்லாதவரை மாத்திரைக்கு முதல் வாய்ப்புக் கொடுப்பது நியாயம்.

பலன் தெரிகிறதா என்று பார்ப்பது எப்படி

கடைசி சிட்டிங் முடிந்த மறுநாள் எம்ஆர்ஐ எடுத்துப் பயனில்லை. 6 முதல் 12 வாரத்துக்குள் தலையும் முதுகும் எடுப்பார்கள். உறையில் பளிச்சென்ற கோடுகள் நோய் அடங்கிய பிறகும் சில காலம் நிற்கக்கூடும். அதனால் படத்தை மட்டும் வைத்துத் தோல்வி என்று சொல்லிவிட முடியாது. நோயாளியை நேரில் பரிசோதிப்பதும், தேவைப்பட்டால் நீரை மறுபடி எடுத்துப் பார்ப்பதும் சேர்ந்தால்தான் முழு விடை.

இடையில் ஒரு கட்டம் எல்லாரையும் பயமுறுத்தும். கதிர் முடிந்து நாலைந்து வாரத்திலிருந்து மூன்று மாதத்துக்குள், ஆள் நாள் முழுவதும் தூங்குவார். எழுப்பினால் பதில் சொல்லிவிட்டுத் திரும்பத் தூங்குவார். சாப்பாட்டில் நாட்டம் இருக்காது. தலைக்குக் கதிர் வாங்கியவர்களுக்கு வரும் இந்தத் தூக்கம் பெரும்பாலும் சில வாரத்தில் தானே விலகும். நீர் தேங்குவதும், சோடியம் குறைவதும், நோய் முன்னேறுவதும்கூட இதே மாதிரி தோன்றும் என்பதால் ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் பார்த்துப் பிரித்தறிய வேண்டும். அவற்றைப் பார்க்காமல் "முற்றிவிட்டது" என்று முடிவெடுத்து மருந்துகளை நிறுத்துவதும் தவறு, "கரண்ட் வைத்த களைப்பு" என்று வீட்டிலேயே விட்டுவிடுவதும் தவறு.

வீட்டில் ஒரு நோட்டில் நாலு விஷயம் எழுதி வாருங்கள்: அன்றைக்கு எத்தனை மில்லிகிராம் டெக்ஸா, எத்தனை வலி மாத்திரை, துணையில்லாமல் எத்தனை அடி நடந்தார், இரட்டைப் பார்வை கூடியதா குறைந்ததா. டெக்ஸா 16-இலிருந்து 4-க்கு இறங்கியும் தலைவலி திரும்பவில்லை, போன மாதம் நடந்த அளவு இந்த மாதமும் நடக்கிறார் என்றால் கதிர்வீச்சு வேலை செய்கிறது. கோணிய வாய் இன்னும் நேராகவில்லை என்பதற்காக அதைத் தோல்வி என்று எழுதிவிடாதீர்கள்.